கொட்டாத தேள்: மூச்சுத்திணறலாக வந்த அட்ரினல் கட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கும். அந்த ஜீப்பில் இருபது வருடமாகப் போய் வந்த 41 வயதுப் பெண் ஒருவர், செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு 1.40 மணிக்கு அதே ஜீப்பில் எங்கள் மருத்துவமனை வாசலில் வந்து இறங்கினார். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் இரவு

அவரால் படுக்க முடியவில்லை. கணவரின் தோளை இறுகப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தே உள்ளே வந்தார். உதட்டோரம் இளஞ்சிவப்பு நுரை. மூச்சு நிமிடத்துக்கு 40, நாடி 138, ஆக்சிஜன் அளவு 78 சதவீதம், பிபி 230/130. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அடியிலிருந்து தோள்பட்டை வரை கொதிக்கிற உலைச் சத்தம். இதில் எதுவும் எனக்குப் புதிதல்ல. நுரையீரலில் நீர் கோத்து நடுராத்திரியில் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறோம். புதிதாக இருந்தது தோல்தான். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. கை கால் சில்லிட்டுக் கிடந்தன. ஆனால் பிழிந்தால் வடியும் அளவுக்கு ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது.

"சாயங்காலம் தோட்டத்துலருந்து வந்ததும் தலைவலின்னா, ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தா. பக்கத்துல கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வந்தேன் டாக்டரம்மா. போட்டு ஒரு மணி நேரங்கூட ஆகல, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னா. பெறகு மூச்சே விட முடியல" என்றார் கணவர்.

ஊசி போட்ட இடத்தில் கொடுத்த சீட்டு அவரிடம் இருந்தது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, கூடவே டெக்சாமெத்தசோன். வாங்கிப் படித்தேன், கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தி வைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உட்கார வைத்து, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபாப் மாட்டினோம். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் போட்டு, அரைமணி கழித்து இன்னொரு 40 போட்டோம். ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் சொட்டாக ஏறியது. மூச்சு கொஞ்சம் இறங்கியது. மூன்றரை மணிக்கு பிபி 84/50. நைட்ரோகிளிசரினை நிறுத்தினோம். இதயம் சுத்தமாகத் தளர்ந்துவிட்டது, அதிர்ச்சி நிலைக்குப் போகிறார், பிபியைத் தூக்க நாரட்ரினலின் கலக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எதுவும் கொடுக்காமலேயே பிபி 210/124. அந்த நாரட்ரினலின் குப்பியை உடைக்காமல் இருந்தது என் கெட்டிக்காரத்தனமல்ல, கை தாமதமானதுதான்.

எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர் வண்டிப்பெரியாறுக்காரர். மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர்தான் முதலில் சொன்னார்: "மேடம், இது தேள் கொட்டின கேஸ் போலல்லே இருக்கு?"

இந்தப் பகுதியில் அது வேடிக்கைப் பேச்சல்ல. செந்தேள் கொட்டினால் அதன் விஷம் நரம்புகளில் சோடியம் வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடும். உடம்பை முடுக்கிவிடும் ஹார்மோன்களான அட்ரினலினும் நாரட்ரினலினும் வெள்ளமாகப் பாயும். வாந்தி, வியர்வை, சில்லிட்ட கை கால், எகிறும் பிபி, அப்புறம் நுரையீரலில் நீர் என்று வரிசையாக வரும். மகாராஷ்டிரத்தின் மகாடில் பணிபுரிந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதற்கு பிரசோசின் மாத்திரை கைகொடுப்பதை 1986இல் லான்செட் இதழில் எழுதினார். அன்றுமுதல் கிராமத்து மருத்துவமனைகளில் அந்த மாத்திரைக்கு அலமாரியில் நிரந்தர இடம் உண்டு. எங்களிடமும் இருந்தது.

டார்ச் அடித்துக் கால் விரல் இடுக்கிலிருந்து பிடரி வரை தேடினோம். கொட்டின தடம் இல்லை. அவரும் தலையை ஆட்டி இல்லை என்றார். தேளை விட்டுவிட்டோம்.

அடுத்த சந்தேகம் பூச்சிமருந்து. ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு அதிகம், வேலை செய்கிறவர்கள் அதைச் சுவாசித்து மயங்கி வருவதும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் விஷத்திலும் வியர்வை கொட்டும். ஆனால் அதில் கண்பாவை குண்டூசி முனைபோலச் சுருங்கும், வாயில் எச்சில் ஒழுகும், பெரும்பாலும் நாடி குறையும். இவருக்குப் பாவை இரண்டும் விரிந்து கிடந்தன, வாய் வறண்டிருந்தது, நாடி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இல்லை.

மூன்று நாள் இருட்டு

காலையில் ஈசிஜியில் பக்கவாட்டு லீடுகளில் எஸ்டி தாழ்வும், நீண்ட க்யூடி இடைவெளியும் இருந்தன, இரண்டும் இதயம் திணறுவதன் அடையாளங்கள். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் பாசிட்டிவ், ஆனால் பெரிய மாரடைப்புக்கு உரிய அளவில் இல்லை. ரத்தச் சர்க்கரை 286, ஆனால் மூன்று மாத சராசரி சொல்லும் எச்பிஏ1சி 6.1 தான். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 1.6, சற்று அதிகம். ஹீமோகுளோபின் 16.4, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹிமட்டோகிரிட் 51. ஏலக்காட்டில் கூலி வேலை செய்யும் பெண்களிடம் 9, 10 பார்த்தே பழகியவர்கள் நாங்கள். 16.4ஐப் பார்த்து "பரவாயில்லையே, நல்லாச் சாப்பிடுறாங்க போல" என்று என் ஜூனியர் சொன்னார். நானும் சிரித்தேன்.

எக்கோ பார்க்கும் இதய மருத்துவர் வாரம் இரண்டு நாள்தான் வருவார், நல்லவேளை அன்று அவருடைய நாள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் ரத்தம் 25 சதவீதம். ஆரோக்கியமான இதயத்தில் அது 55க்கு மேல் இருக்கும். "ஆனா ஒரு விசித்திரம்" என்று திரையைக் காட்டினார். இதயத்தின் அடிப்பாகமும் நடுப்பாகமும் அசையாமல் நிற்க, நுனி மட்டும் நன்றாகச் சுருங்கி விரிந்தது. மனப்பேரதிர்ச்சியில் இதயம் வீங்கிப்போகும் டகொட்சுபோ என்ற நிலையில் இது நேர்மாறாக இருக்கும்: நுனி பலூன்போல உப்பும், அடிப்பாகம் இறுகும். ஆக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானையின் வடிவத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. இவருடையது தலைகீழ்ப் பானை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து அட்ரினலினைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டிகளில் இந்தத் தலைகீழ் வடிவம் ஒப்பீட்டளவில் கூடுதலாக வரும் என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. வைரஸ் மயோகார்டைட்டிஸ், அதாவது வைரஸால் வந்த இதயத் தசை அழற்சி, என்று எழுதினேன். தெரியாததற்கு நாங்கள் எழுதும் மரியாதையான பெயர் அது.

இரண்டாம் நாள் நுரையீரல் தெளிந்தது. கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் நாடி 118. இதயம் பலவீனமானவர், நாடி வேகமாக ஓடுகிறது, நுரையீரல் காய்ந்துவிட்டது. பாடப்புத்தகப்படி பீட்டா பிளாக்கர் தொடங்க வேண்டிய நேரம். மெட்டோபிரோலால் 25 மில்லிகிராம் என்று நானே என் கையால் எழுதினேன்.

ஒன்பது மணிக்கு மாத்திரை. பதினொன்றுக்குள் பிபி 244/140. மறுபடி நுரை, மறுபடி பைபாப்.

இதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் கண்ணியே இங்கேதான் இருக்கிறது. அட்ரினலினுக்கும் நாரட்ரினலினுக்கும் ரத்தக்குழாயில் இரண்டு வகை ஏற்பிகள். ஆல்ஃபா ஏற்பி குழாயை இறுக்கும், பீட்டா ஏற்பிகளில் ஒரு வகை தளர்த்தும். இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகள் துடிப்பைக் கூட்டும். பீட்டாவை மட்டும் அடைத்தால் தளர்த்துகிற கை கட்டப்பட்டுவிடும், இறுக்குகிற கை தனியாக ஆடும். அதே நேரம், அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளவேண்டிய இதயத்தின் பலத்தையும் மாத்திரை பிடுங்கிக்கொள்ளும். இதயச் செயலிழப்புக்கு உயிர் காக்கும் மருந்தாக நாம் தினமும் எழுதுவது இந்தக் கட்டி இருப்பவருக்கு, அதுவும் ஆல்ஃபா தடுப்பு இல்லாமல் கொடுத்தால், ஆளையே சாய்த்துவிடும். மூச்சுத்திணறலோடு வந்ததால் நாங்கள் இதயத்துக்கு வைத்தியம் பார்த்தோம். தலைவலியோடு வந்திருந்தால் ஒருவேளை கட்டியைத் தேடியிருப்போம்.

சிஸ்டரின் சார்ட்

அன்று சாயங்காலம் சிஸ்டர் பிபி சார்ட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரல்ல அவர். பக்கத்திலேயே பென்சிலில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவார். அன்றைய பக்கத்தில் இப்படி இருந்தது:

5.30 – 116/74 – உறக்கம்
6.00 – 226/128 – இடப்பக்கம் ஒருக்களித்தார்
6.30 – 98/60 – மல்லாந்து
7.10 – 214/130 – பெட்பேனில் முக்கினார்
7.40 – 104/66
8.20 – 220/126 – வயிற்றை அழுத்திப் பார்த்தது (ஜூனியர் டாக்டர்)

மாத்திரை கொடுப்பதற்கு முந்தின மூன்று மணி நேரம் அது. எழுதிய எண்கள் அங்கேயே இருந்தன. ரவுண்ட்ஸில் நான் பார்த்தது கடைசி வரியில் இருந்த நாடியை மட்டும்.

"தேள் வெளியே இல்லை மேடம்" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகாமல் கட்டிலுக்கே அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தைத் தள்ளிவந்தோம். புரோபை அழுத்தாமல் மெல்ல வைக்கச் சொன்னேன். இடது சிறுநீரகத்தின் மேல் ஆரஞ்சுப்பழ அளவில் ஒரு கட்டி. மறுநாள் சிடியில் 5.6 செ.மீ., நடுவில் அழுகல், அடர்த்தி 38 அலகு. அட்ரினலில் தற்செயலாகத் தட்டுப்படும் சாதுவான கொழுப்புக் கட்டிகள் பெரும்பாலும் 10க்குக் கீழே இருக்கும். கிரியாட்டினின் ஏறியிருந்ததால் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடவில்லை. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். இந்தக் கட்டியைக் குத்துவது தேள்கூட்டுக்குள் கையை நுழைப்பது, வேண்டாம் என்றேன்.

மஞ்சப்பை

நான்காம் நாள் கணவர் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பை கொண்டுவந்தார். இரண்டேகால் வருடச் சீட்டுகள். ஏழு சீட்டு தோட்டத்துக்குப் பக்கத்து, அதாவது கேரளத்துப் பக்கத்து கிளினிக்கில் எழுதியவை. பதினொன்று எங்கள் பக்கம். இரண்டையும் கட்டிலில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினோம்.

மேலே மலையில்: 110/70, 104/66, 124/80. கீழே எங்களிடம்: 200/110, 210/116, 190/120.

இரண்டு பக்க மருத்துவர்களும் அடுத்த பக்கத்துச் சீட்டைப் பார்த்து அங்கே மெஷின் சரியில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. மேலே அவர் படபடப்பு அடங்கிய பின், ஓய்ந்துபோய், நடந்து கிளினிக்குக்குப் போவார். கீழே எங்களிடம் வருவது ஒரு மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் வயிறு குலுங்கி இறங்கிய கையோடு. ஏற்றமும் இறக்கமும் இரண்டு மாநிலத்துச் சீட்டுகளில் பிரிந்து கிடந்தன.

ஒரு சீட்டு என் கையெழுத்து. பதினான்கு மாதங்களுக்கு முன்னால்: 210/116, அரைமணி கழித்து 128/82. கீழே "பயத்தால் ஏறிய பிபி" என்று எழுதியிருக்கிறேன். அந்த வாரம் எங்கள் ஓபி பிபி மெஷினைப் பழுது பார்க்க மதுரைக்கு அனுப்பியதும் ஞாபகம் வந்தது. பழுது எதுவும் இல்லை, சோதனைக் கட்டணம் மட்டும் என்று பில் வந்தது.

மேல் கிளினிக்கில் படபடப்புக்கு புரோப்ரனோலால் எழுதியிருந்தார்கள். அவர் இரண்டு நாளில் நிறுத்திவிட்டார். "அத போட்டா தலை வெடிச்சுரும்போல இருக்கும் டாக்டரம்மா. சொன்னா, மாத்திரைக்குத் தலைவலி வராதுன்னாங்க." அதுவும் ஒரு பீட்டா பிளாக்கர். நாங்கள் மூன்றாம் நாள் செய்த சோதனையை அவர் தன் உடம்பில் முன்கூட்டியே செய்து, முடிவையும் சொல்லியிருந்திருக்கிறார்.

அப்போதுதான் உட்கார்ந்து கதை கேட்டேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குத்தவைத்துக் குனிந்தே இருக்க வேண்டும். குனிந்து சரத்தைத் தூக்கும்போதுதான் வரும்: "பொடனியில சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி, நெஞ்சு படக்கு படக்குன்னு, வேர்வை கொட்டும். பத்து நிமிசத்துல போயிரும். கூட இருக்குறவக பேய் பிடிச்ச மாதிரி வெளுத்துப் போறேம்பாக." தலைவலி, படபடப்பு, வியர்வை. ஃபியோக்ரோமோசைட்டோமா என்னும் இந்த அட்ரினல் கட்டியின் மூன்று அடையாளங்களையும் அவர் வரிசையாகச் சொன்னார். வலப்பக்கம் சாய்ந்து காய் எடுத்தால் அவ்வளவாக வருவதில்லை என்று அவரே கண்டுபிடித்து, ஒரு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் கோடாங்கியிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார். நான் பயம் என்று எழுதினேன், கோடாங்கியும் பயந்த கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கட்டி இதயத்தை என்ன செய்தது

அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதியில் உள்ள குரோமாஃபின் செல்களிலிருந்து இந்தக் கட்டி முளைக்கிறது. ஒரு வருடத்தில் பத்து லட்சம் பேரில் இரண்டு முதல் எட்டுப் பேருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 18 வயதுப் பெண்ணொருவரின் இரண்டு அட்ரினலிலும் கட்டி இருந்ததை ஃபெலிக்ஸ் ஃப்ரான்கல் 1886இல் எழுதினார். ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற பெயரை 1912இல் லுட்விக் பிக் வைத்தார். 1926இல் லோசானில் செசார் ரூவும், அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் சார்லஸ் மேயோவும் தனித்தனியாக இதை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார்கள்.

கட்டி சுரப்பது அளவாக அல்ல, விட்டுவிட்டு, கொட்டுவதுபோல. அழுத்தினால் கொட்டும், சில மருந்துகளாலும் கொட்டும். மெட்டோகுளோபிரமைடு கட்டியின் செல்களில் டோபமைன் என்னும் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் நெருக்கடியைத் தூண்டும். அன்று மாலை இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கின. ஊசி போட்டவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாந்தி என்று வந்தவருக்கு நான் அதே மெட்டோகுளோபிரமைடை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

அவ்வளவு அட்ரினலினில் இதயத் தசை நனைந்தால் செல்லுக்குள் கால்சியம் நிரம்பி வழியும், இதயத்துக்கே ரத்தம் தரும் சிறு குழாய்கள் இறுகும், தசைநார்கள் பட்டை பட்டையாகச் சுருங்கிச் சேதமாகும். நாள்பட நாள்பட பீட்டா ஏற்பிகளும் காதடைத்துப் போகும். ஆனால் நீண்டகாலத் தழும்பு விழாதவரை இது பெருமளவு திரும்பக்கூடிய சேதம். மற்ற பல இதயச் செயலிழப்புகளில் இல்லாத சலுகை இது. ரத்தம் கெட்டியாகி ஹீமோகுளோபின் 16.4 காட்டியதன் காரணமும் புரிந்தது. குழாய்கள் இறுகியே இருந்ததில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றியிருந்தது. நல்ல சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை ஏறியதும் அட்ரினலின் இன்சுலினை அடக்கியதால்தான்.

கேன்

உறுதி செய்ய 24 மணி நேரச் சிறுநீரில் மெட்டனெஃப்ரின், நார்மெட்டனெஃப்ரின் பார்க்க வேண்டும். அட்ரினலின், நாரட்ரினலின் சிதைந்து வருபவை இவை. கட்டி கொட்டாத நேரத்திலும் இவை கசிந்துகொண்டே இருப்பதால் அட்ரினலினையே அளப்பதைவிட நம்பகமானது. ஆய்வகத்திலிருந்து அமிலம் ஊற்றிய ஐந்து லிட்டர் கேன் வந்தது. காலை எட்டு மணிக்கு முதல் சிறுநீரைக் கழித்துக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் மறுநாள் எட்டு வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். விளக்கிச் சொல்லி, கட்டிலுக்கு அடியில் வைத்தோம். இருபது மணி நேரம் சேர்ந்ததை, விடிகாலையில் வார்டு கழுவ வந்தவர் நாற்றம் தாங்காமல் கக்கூஸில் கவிழ்த்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது கேனில் சிஸ்டர் சிவப்பு எழுத்தில் "இது தங்கம். தொடாதீங்க" என்று ஒட்டினார்.

முடிவு ஆறு நாளில் வந்தது. மெட்டனெஃப்ரின் உச்ச வரம்பைப்போல் 11 மடங்கு, நார்மெட்டனெஃப்ரின் 14 மடங்கு. உடம்பு முடியாமல் கிடக்கிற யாருக்கும் இவை ஓரளவு ஏறும். ஆனால் இரண்டு மடங்குக்கும் பதினான்கு மடங்குக்கும் குழப்பம் வராது.

முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. சிடி பார்த்த அன்றிரவே தேள்கடிக்கென்று வைத்திருந்த, ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் பிரசோசினை எடுத்தோம். முதல் மாத்திரை படுக்கும்போது, 1 மில்லிகிராம். முதல் தடவை பிபி தடாலென்று விழும் என்பதால் விடியும்வரை எழுந்திருக்கவே விடவில்லை. பிறகு ஒவ்வொரு நாளாகக் கூட்டினோம். உட்கார்ந்தால் 130/80க்குக் கீழே, எழுந்து நின்றால் மேல் அளவு 90க்குக் குறையாமல், என்பது இலக்கு. ஆல்ஃபா அடைபட்டு எட்டு நாள் கழித்துத்தான், கை நடுங்கிக்கொண்டே, அதே மெட்டோபிரோலாலைச் சிறு அளவில் மீண்டும் தொடங்கினேன். இந்தமுறை நாடி 84க்கு வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

உப்பு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை. அட்ரினல் கட்டிக்கு ஆல்ஃபா மருந்து தொடங்கினால் உப்பும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து வற்றிய குழாயை நிரப்ப வேண்டும் என்பது விதி. இதயம் 25 சதவீதத்தில் இயங்குகிறவருக்கு உப்பையும் தண்ணீரையும் குறைக்க வேண்டும் என்பதும் விதி. கடைசியில் தராசு முடிவு செய்தது. தினமும் காலையில் எடை, வாரம் இருமுறை ஹிமட்டோகிரிட். ஃப்ரூசமைடைக் குறைத்து, கஞ்சிக்கு வழக்கமான உப்பை விட்டோம். ஹிமட்டோகிரிட் மூன்று வாரத்தில் 51லிருந்து 42க்கு இறங்கியது, எடை ஒன்றரைக் கிலோ ஏறியது, காலில் வீக்கம் வரவில்லை. நிரம்பவேண்டியது நிரம்புகிறது என்று தெரிந்தது.

மதுரை

அறுவைக்கு மதுரையா கோட்டயமா என்று குடும்பத்தில் பேச்சு வந்தது. தூரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை கேரளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மதுரைப் பக்கம் இழுத்தது.

ஐந்து வாரம் காத்திருந்தோம். எக்கோவில் 25 என்று இருந்தது 42 ஆனது. அதற்குள் ஆஞ்சியோவும் எடுத்தாயிற்று, அடைப்பு எதுவும் இல்லை. கட்டியை எடுக்கும் முன்பே, ஆல்ஃபாவை அடைத்ததிலேயே இதயம் நிமிரத் தொடங்கியது என்பதுதான் இதில் எனக்கு ஆச்சரியமான பகுதி.

அறுவை லேப்ராஸ்கோப்பி வழி. மயக்க மருத்துவர் பிறகு என்னிடம் போனில் சொன்னது: கட்டியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பிபி 200ஐத் தாண்டியது, நைட்ரோபுருசைடு போட்டு இறக்கினார்கள். அட்ரினல் நாளத்தில் கிளிப் போட்ட அடுத்த நிமிடம் 70/40. கட்டியின் அட்ரினலினை நம்பியே நின்றுகொண்டிருந்த குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்துவிட்டன. திரவமும் நாரட்ரினலினும் ஏற்றி மறுநாள் காலைவரை தாங்கினார்கள். முதல் இரவு நான் உடைக்காமல் விட்ட அதே மருந்து இங்கே தேவைப்பட்டது. சாயங்காலம் சர்க்கரை 58. அதையும் எதிர்பார்த்து மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடக்கி வைத்திருந்த இன்சுலின் விடுதலையாகும்போது இப்படி நடக்கும். ஏழாம் நாள் வீடு.

நோய்க்கூறு அறிக்கையில் ஃபியோக்ரோமோசைட்டோமா உறுதியானது. உறையைத் தாண்டிப் பரவிய அடையாளம் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டி சாதுவானது என்று நுண்ணோக்கியை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. பல வருடம் கழித்து எலும்பிலோ கல்லீரலிலோ தலைகாட்டியது உண்டு.

அப்பா

தையல் பிரிக்க வந்த அன்றுதான், பேச்சுவாக்கில், அவருடைய அண்ணன் சொன்னார்: "எங்கப்பாவும் இப்படித்தான் திடீர் திடீர்னு வேர்ப்பாரு. நாப்பத்தஞ்சு வயசுல குடலிறக்க ஆப்ரேசன்னு போனாரு, மேசையிலயே போயிட்டாரு. ஊரே ஆஸ்பத்திரியத் திட்டுச்சு."

முப்பது வருடத்துக்கு முந்தைய மரணத்துக்கு இப்போது காரணம் எழுத முடியாது. ஆனால் கண்டறியப்படாத இந்தக் கட்டியோடு மயக்க மருந்துக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்ததே. மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டி பரம்பரை ஜீன் மாற்றத்தால் வருகிறது. ஃப்ரான்கல் எழுதிய அந்த ஃப்ரைபுர்க் பெண்ணின் குடும்பத்து உறவினர்களிடம் ரெட் என்னும் ஜீனில் மாற்றம் இருப்பதை, 120 வருடம் கழித்து 2007இல் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கட்டியோடு பரம்பரையாகச் சேர்ந்து வரும் நோய்களின் அடையாளங்களைத் தேடினோம். இவருக்கு, தைராய்டுக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் கால்சிட்டோனின் சரியாக இருந்தது, தைராய்டில் கட்டி இல்லை, தோலில் காப்பி நிறத் தேமல்கள் இல்லை, விழித்திரையும் சுத்தம். ஜீன் பரிசோதனைக்குக் காசு சேர்க்கிறார்கள். இரண்டு அண்ணன்களுக்கும் கேன் கொடுத்தோம். இருவருக்கும் அளவு வரம்புக்குள் இருந்தது. 16 வயது மகளுக்கு வருடா வருடம் பிபியும் அந்தச் சோதனையும் பார்ப்பதென்று முடிவு.

ஆறு மாதம் கழித்து

மூன்றாம் மாதமே எக்கோ 60 காட்டியது. தலைகீழ்ப் பானை சுவடில்லாமல் போயிருந்தது. சர்க்கரை மாத்திரை தேவைப்படவில்லை. அறுவை முடிந்து நான்கு வாரத்தில் பார்த்த மெட்டனெஃப்ரின் அளவு சரியாக இருந்தது.

ஆறாம் மாதம் வந்தபோது கையில் ஒரே நோட்டு. மேல் கிளினிக்கில் எடுத்த பிபியும் எங்களிடம் எடுத்ததும் அடுத்தடுத்த வரியில்: 118/76, 122/78, 116/74. தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டார். ஓபி அறையிலேயே காய் எடுப்பதுபோலக் குத்தவைத்து உட்காரச் சொன்னேன். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கை பழக்கத்தில் வலப்பக்கமே சாய்ந்தது. "இடப்பக்கம்" என்றார் சிஸ்டர். இடப்பக்கம் குனிந்து, இல்லாத சரத்தைத் தூக்கி, ஐந்து நிமிடம். 124/80.

"போங்க. ஆனா எங்க ஊசி போடப் போனாலும், பல்லு பிடுங்கப் போனாலும் மொதல்ல இந்த நோட்டக் காட்டுங்க."

"சரி டாக்டரம்மா. அந்தக் கேன மட்டும் இனி எடுத்துட்டு வர வேணாம்ல?"

"வருசத்துக்கு ஒரு தடவ."

"எத்தன வருசம்?"

"உங்களுக்கு நூறு வயசு ஆகுற வரைக்கும்" என்றார் சிஸ்டர், புதுக் கேனில் பெயர் எழுதிக்கொண்டே.